எஃப் வரிசை, பதினான்காம் இருக்கை

லோர்னா டீ வாங்கப் போயிருந்தபோது கோல் விழுந்தது.

அவள் செய்த குற்றம் அவ்வளவுதான். பிப்ரவரி மாதம், ஸ்கெல்பி டவுன் மைதானம், விரல்கள் இன்னும் கையோடு இருக்கின்றனவா என்று அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டிய குளிர். இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. பார்வையாளர் காலரிக்கு அடியில் இருக்கும் பெரிலின் கடைக்கு இறங்கிப் போய் நாலு டீ சொன்னாள். மூன்றாவது கோப்பை நிரம்பும்போது தலைக்கு மேல் கான்கிரீட் அதிர்ந்தது.

"நம்ம கோல்தான் கண்ணு," என்றாள் பெரில், தலையை நிமிர்த்தாமலே. "அவங்க கோலுக்கு இந்தச் சத்தம் வராது."

நவம்பருக்குப் பிறகு சொந்த மைதானத்தில் ஸ்கெல்பி போட்ட முதல் கோல். பாதி டீயைப் படிக்கட்டுக்குக் கொடுத்துவிட்டு லோர்னா மேலே ஓடி வந்தாள். எஃப் வரிசையில் கட்டிப்பிடிப்பதெல்லாம் முடிந்திருந்தது. அப்பா நார்மன், நாற்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எழுபது வயது டோரீன் ஆன்ட்டி தன் சூப் ஃபிளாஸ்க்குக்கு முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தாள். கோலின் அங்கிள் மட்டும் லோர்னாவையே பார்த்தார்.

"யாரு போட்டாங்க?" என்றாள் லோர்னா.

"அதை விடு. நீ எங்க இருந்தே?"

"டீ வாங்கிட்டிருந்தேன்."

"ஓகோ," என்றார் கோலின். ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்த பிளம்பரின் குரல். அவர் பிளம்பர்தான். "சர்க்கரை வாங்கினியா?"

"வாங்கினேன்."

"பத்தாது. இன்னும் நாலு பொட்டலம் வாங்கிட்டு வா."

அவள் போனாள். பெரில் சர்க்கரையை நீட்டும்போது கான்கிரீட் இரண்டாவது முறை அதிர்ந்தது.

ஸ்கெல்பி டவுன் நான்காம் டிவிஷனில் இருபத்து நான்கு அணிகளில் இருபத்து மூன்றாவதாக இருந்தது. சீசன் முடிவில் கடைசி இரண்டு அணிகளைக் கீழ் டிவிஷனுக்குத் தள்ளிவிடுவார்கள். கீழே என்றால் பாதாளம். அங்கே கோல் கம்பத்துக்குப் பின்னால் வேலியும் வேலிக்குப் பின்னால் மாடும் நிற்கும். அந்தப் பயத்தில்தான் ஜனவரியில், சீசன் நடுவில், ஒன்பது வருஷம் மேனேஜராக இருந்த டாக்கெட்டை வீட்டுக்கு அனுப்பினார்கள். புதிதாக வந்தவர் கிரஹாம் பென்ரோஸ். மார்பு வரை தாடி, கப்பல் கேப்டன் மாதிரி. முதல் இரண்டு மாட்சும் கோட்டோரமாக நின்று இரண்டு கைகளாலும் காற்றை அடித்தார். ஒன்றில் நாலு கோல் வாங்கினார்கள், இன்னொன்றில் மூன்று.

இது மூன்றாவது மாட்ச். முதல் பாதியில் வழக்கம்போல ஒரு கோல் வாங்கியாயிற்று. இரண்டாம் பாதியில் கோட்டோரம் தாடியைக் காணவில்லை. உதவியாளர் மட்டும் பாக்கெட்டில் கை விட்டுக்கொண்டு நின்றார். ஸ்கெல்பி இரண்டு போட்டு ஜெயித்தது.

மாட்ச் முடிந்ததும் நாலு பேரும் மைதானத்துக்கு எதிரே இருக்கும் வீவர்ஸ் பப்புக்குப் போனார்கள். எப்போதும் அதே மூலை மேஜை.

"பென்ரோஸ் மேல ஏறி உக்காந்துட்டான்," என்றார் நார்மன். "உயரத்துல இருந்து பார்த்தாத்தான் ஆட்டம் புரியும். பஸ்ஸுல கூட அப்படித்தான். டிரைவர் சீட்டு எவ்வளவு உயரம் பாரு."

"மேலன்னா எங்க?" என்றாள் டோரீன்.

"கூரைல இருப்பான். பைனாகுலரோட."

"டாக்கெட் பாவம், ஒன்பது வருஷம் மழையில நின்னான். ஒரு நாளாவது கூரைல ஏறினானா?"

"அதனாலதான் நாம இந்த நிலைமைல இருக்கோம்," என்றார் கோலின். "செப்டம்பர்லயே சொன்னேன், டாக்கெட்டைத் தூக்குன்னு. யாரு கேட்டீங்க?"

"நீ ஒவ்வொரு செப்டம்பரும் சொல்றே. அவன் நம்மளை மேல் டிவிஷனுக்குக் கொண்டு வந்த வருஷம்கூடச் சொன்னே."

"அப்பவும் என் கணக்கு சரிதான். கொஞ்சம் முன்னாடி சொல்லிட்டேன், அவ்வளவுதான். சரி, மேனேஜர் கதை கிடக்கட்டும். நம்ம வரிசைல ஒரு பிரச்சினை இருக்கு." கோலின் பியர் கிளாஸை நகர்த்தி வைத்தார். "லோர்னா வெளிய இருந்தா கோல் விழுது."

லோர்னா சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அந்தக் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்கு மேல் படித்த முதல் ஆள் அவள். லீட்ஸில் புள்ளியியல். இப்போது நகராட்சியில், எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை குப்பை லாரி போக வேண்டும் என்று கணக்குப் போடுகிறாள். மகள் பட்டதாரி என்று பஸ் டிப்போ முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார் நார்மன். ஆனால் நிகழ்தகவு என்று அவள் வாயைத் திறந்தால், கோலின் ராசிக்காகத் துவைக்காமல் போட்டிருக்கும் இடது சாக்ஸ் பக்கம் திரும்பிக்கொள்வார்.

"ரெண்டு தடவை நடந்தா அது தற்செயல், அங்கிள்."

"அப்ப மூணாவது தடவையும் பார்த்துடுவோம்."

பார்த்தார்கள். அடுத்த மாட்சில் அவளைப் பதினோரு தடவை டீ வாங்க அனுப்பினார்கள். மூன்று கோல் விழுந்தது. ஒன்றையும் அவள் பார்க்கவில்லை. அதற்கடுத்த மாட்சில், போக மாட்டேன் என்று இரண்டு கைகளாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டாள். எண்பது நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. சுற்றியிருந்த நாலு வரிசையும் அவளைத் திரும்பிப் பார்த்தது. பின் வரிசையில் ஒரு தாத்தா, "அம்மா, உனக்குப் பசிக்கலையா? சூடா ஒரு மீட் பை வாங்கிக்கோயேன்," என்றார். அவமானம் தாங்காமல் எழுந்து போனாள். பெரிலின் கடை வாசலை மிதிக்கும் முன்பே கோல்.

"நான் ஒண்ணும் சொல்லலை," என்றாள் பெரில்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கோலினே மூன்று வருஷம் முன்பு, தான் சளியோடு வந்த நாளெல்லாம் ஸ்கெல்பி தோற்றது என்று ஒப்புக்கொண்டவர். அவரை யாரும் வெளியே அனுப்பவில்லை. இருமல் மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்கள். ஆண்களுக்கு வருவது துரதிர்ஷ்டம். பெண் என்றால் அவளே துரதிர்ஷ்டம்.

லோர்னா ஒரு வாரம் மாலை வேளையெல்லாம் உட்கார்ந்து கணக்கெடுத்தாள். ஆகஸ்டிலிருந்து ஒவ்வொரு மாட்சிலும் ஒவ்வொரு கோலும் எந்த நிமிடம், அவள் எங்கே இருந்தாள், காற்று எந்தப் பக்கம். ஆறு தாள். வண்ணக் கோடுகள். சனிக்கிழமை மதியம் வீவர்ஸ் பப்பில் அந்த மூலை மேஜை மேல் விரித்தாள்.

"பாருங்க. இவ்வளவு குறைஞ்ச எண்ணிக்கையை வச்சுக்கிட்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. அதைத்தான் இந்தக் கோடு சொல்லுது."

கோலின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை நெருங்கினார். டோரீன் விரலால் ஒரு வரியைத் தொட்டாள்.

"இது என்ன, ஆறு?"

"நான் சீட்ல இருந்தப்ப விழுந்த கோல். ஆயிரத்து இருநூறு நிமிஷத்துல."

"இது ஒன்பது?"

"நான் இல்லாதப்ப."

"எத்தனை நிமிஷத்துல?"

லோர்னா அந்தக் கட்டத்தை மறைக்கக் கை நீட்டினாள். தாளில் எண்பத்தேழு என்று இருந்தது, அவள் கையெழுத்தில், சிவப்பு மையில்.

"படிச்ச பொண்ணு," என்றார் கோலின், உண்மையான மரியாதையோடு. "நான் மூக்கால மோந்ததை நீ கணக்குப் போட்டே நிரூபிச்சிட்டே. நார்மன், இதுக்கு மேல என்ன வேணும்?"

ஓட்டெடுத்தார்கள். மூன்றுக்குப் பூஜ்யம். அப்பாவும் கையைத் தூக்கினார். முழங்கை மேஜையில்தான் இருந்தது, ஆனாலும் அது கைதான். இனி மாட்ச் நேரத்தில் லோர்னா காலரியில் இருக்கக்கூடாது. வெளியூர் மாட்சுக்கு ரேடியோவும் கூடாது. நார்மன் ரேடியோவைத் தோட்டத்து ஷெட்டில் வைத்துப் பூட்டினார்.

ஓட்டோடு போயிருந்தால் பரவாயில்லை. வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் காந்தத்துக்கு அடியில் ஒரு படிவம் இருந்தது. ஸ்கெல்பியில் பக்கத்துப் பக்கத்து இருக்கைகளை அடுத்த சீசனுக்கு ஒரே படிவத்தில்தான் புதுப்பிக்க வேண்டும். ஒருவர் கையெழுத்து, நாலு பெயர். சீசனின் கடைசி மாட்ச் அன்று மைதான வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட வேண்டும். பதினொன்று கோலின், பன்னிரண்டு டோரீன், பதின்மூன்று நார்மன் என்று அப்பா எழுதி வைத்திருந்தார். பதினான்குக்கு எதிரே காலியிடம்.

"என்னப்பா இது?"

"அவசரம் என்ன. கடைசி நாள் வரைக்கும் டைம் இருக்கு."

"டெஸ்மண்ட் கேட்டாரா?"

நார்மன் ஃப்ரிட்ஜைத் திறந்து பாலைத் தேடினார். பால் கையிலேயே இருந்தது. டெஸ்மண்ட் மீன் வறுவல் கடைக்காரர். எஃப் வரிசை மேல் பல வருஷமாகக் கண். போன மூன்று வெள்ளிக்கிழமையும் நார்மனின் பொட்டலத்தில் ஒரு மீன் துண்டு கூடுதலாக இருந்ததற்குக் காரணம் இப்போது புரிந்தது.

லோர்னாவுக்கு அந்த இருக்கை சும்மா இருக்கை இல்லை. லீட்ஸில் படித்த மூன்று வருஷமும் சனிக்கிழமை தவறாமல் இரண்டு பஸ் மாறி வந்து அதில் உட்கார்ந்தவள். அங்கே அவள் பேச்சைக் கேட்டதும் எந்த ஊர் என்பார்கள். இங்கே அதே பேச்சைக் கேட்டுவிட்டு, படிச்சவ வந்துட்டா என்பார்கள். யாருக்கும் எதையும் விளக்கிச் சொல்லத் தேவையில்லாத ஒரே இடம் விரிசல் விட்ட அந்தப் பச்சை பிளாஸ்டிக்தான்.

அதனால்தான் ரெட்மியர் மாட்சுக்கு அவள் எதிர்க் காலரியில் டிக்கெட் வாங்கினாள். திட்டம் எளிமையானது. எதிரணி ரசிகர்கள் நடுவில் யாருக்கும் தெரியாமல் உட்கார வேண்டும். ஸ்கெல்பி ஜெயிக்க வேண்டும். டிக்கெட்டின் பாதித் துண்டை மூலை மேஜையில் வீச வேண்டும். சந்தேகம் வராமல் இருக்க ரெட்மியரின் மஞ்சள் மஃப்ளர் ஒன்றையும் சுற்றிக்கொண்டாள்.

ஸ்கெல்பி மூன்று கோல் வாங்கியது. மூன்றாவது கோலுக்கு, பீப்பாய் மாதிரி ஒரு ரெட்மியர்காரர் ஆனந்தத்தில் அவளை அலாக்காகத் தூக்கி ஆட்டினார். ஞாயிறு காலை டிவியில் கோல்களை மறுபடி போட்டபோது, கேமரா சரியாக அங்கே போய் நின்றது. மஞ்சள் மஃப்ளர், அந்தரத்தில் லோர்னா, வாய் திறந்தபடி. அவள் கத்தியது, "என்னை இறக்கி விடுய்யா." டிவியில் சத்தம் கேட்கவில்லை. சந்தோஷம் மாதிரி இருந்தது.

நார்மன் கையில் டோஸ்ட்டோடு உறைந்துபோனார்.

"அப்பா, நான் சொல்றதைக் கேளுங்க."

"ரெட்மியர்," என்றார் நார்மன். "என் வீட்ல. ரெட்மியர்."

திங்கட்கிழமை நகராட்சியில் லாரி ஓட்டுநர்கள் அவளுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றார்கள். எல்லாரும் எஃப் வரிசை கதையைக் கேள்விப்பட்டிருந்தார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றி, "சனிக்கிழமை ஊர்ல இருக்கீங்களா மேடம்?" என்று பணிவாகக் கேட்டார்.

அதற்குப் பிறகு அவள் மைதானத்துப் பக்கம் போகவில்லை. ஸ்கெல்பி ஜெயித்துக்கொண்டே வந்தது. பத்திரிகைகள் பென்ரோஸை மேதை என்றன. கண்ணில் படாமல் எங்கிருந்தோ ஆட்டத்தைப் படிக்கும் மாயக்காரர் என்றன. எஃப் வரிசைக்கு உண்மை தெரியும் என்று எஃப் வரிசை நினைத்தது.

மே மாதம் முதல் சனிக்கிழமை கடைசி மாட்ச். எதிரே ஹாலம்பிரிட்ஜ். ஜெயித்தால் நான்காம் டிவிஷனில் நீடிக்கலாம். டிரா என்றால்கூட மாட்டு வேலிதான்.

"வெளிய தெருவுல நிக்கறேன்பா. சத்தமாவது கேக்கட்டும்."

நார்மன் ஷூவுக்கு நாடா கட்டினார். "பெரில் கடை வரைக்கும் வரலாம். கடைதான் எல்லை. படியில கால் வைக்கக் கூடாது."

"படிவம்?"

"பாக்கெட்ல இருக்கு. மாட்ச் முடியட்டும்." அவர் குரல் இறங்கியது. "நான் என்னம்மா பண்ணுவேன்? ஊரே பாக்குது."

அப்படித்தான் லோர்னா பெரிலின் கடைப் பலகையில் சாய்ந்து, தலைக்கு மேல் ஆறாயிரம் பேர் கால் உதைப்பதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். கடைக்குப் பின்னால் சிப்ஸ் பெட்டி அடுக்கும் சின்ன அறை. அதன் கதவு திறந்து ஒரு மனிதர் வெளியே வந்தார். ஐம்பது வயது இருக்கும். தொப்பி, மழைக் கோட்டு, மோவாயில் இரண்டு இடத்தில் பிளாஸ்திரி. கையில் காகிதக் கோப்பை. அதைத் துண்டு துண்டாகக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"நீங்களும் மேல போகலையா?" என்றாள் லோர்னா.

"போகக்கூடாது. கூட வேலை செய்யற பசங்க ஓட்டெடுத்துட்டாங்க. நான் பார்த்தா தோக்குதாம்."

லோர்னாவுக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. "எனக்கும் ஓட்டுதான். மூணுக்குப் பூஜ்யம்."

"எனக்கும் ஆதரவா ஒரு கை வரலைம்மா. நானே ராசிக்கு ஏதாவது பண்ணுவோமேன்னு காலைல பழைய பிளேடால ஷேவ் பண்ணி இப்படி வெட்டிக்கிட்டேன்."

"இதெல்லாம் பைத்தியக்காரத்தனம்னு உங்களுக்குத் தோணலையா?"

"காலைல தோணும். மூணு மணிக்கு மாட்ச் தொடங்கினதும் தோணாது."

பெரில் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு மீட் பை சுடும் அடுப்பைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டாள். "நான் எதுவும் பேசறதுக்கில்லை. சீசன் முடியற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன்னு ஒருத்தருக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன்."

முதல் பாதி கோல் இல்லாமல் போயிற்று. இரண்டாம் பாதி தொடங்கியதும் தொப்பிக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "நாலே படி," என்று ஏறினார். தலை மைதான மட்டத்துக்குப் போயிருக்காது, மேலே ஆறாயிரம் பேர் ஒரே நேரத்தில் மூச்சை விட்டார்கள். அது ஸ்கெல்பி கோலின் சத்தம் இல்லை.

அவர் உருண்டு வராத குறையாக இறங்கினார். முகம் வெள்ளைத்தாள் மாதிரி.

"தற்செயல்," என்றாள் லோர்னா.

"ரெட்மியர் மாட்ச்லயும் இப்படித்தான் திருட்டுத்தனமா ஏறிப் பார்த்தேன். மூணு."

லோர்னா நிமிர்ந்தாள். "ரெட்மியர் அன்னிக்கு நீங்க மேல இருந்தீங்களா?"

"ஆமா."

"நானும் உள்ளதான் இருந்தேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வாரம் உட்கார்ந்து அவள் போட்ட ஆறு தாளிலும், வண்ணக் கோட்டிலும், காற்றடித்த திசையிலும் இல்லாத ஒன்று அவள் எதிரே பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு நின்றது. மூன்று வருஷம் படித்த படிப்பு முழுக்க ஒரே நொடியில் அவள் தலைக்குள் எழுந்து நின்றது.

"நீங்க அசையாதீங்க," என்றாள். "நான் மட்டும் போறேன்."

படியேறினாள். கடைசிப் படியில், கைப்பிடிக் கம்பிக்குப் பின்னால் நின்றாள். புல், வெளிச்சம், பந்து. இரண்டு நிமிடம். ஸ்கெல்பியின் குட்டைக்கால் விங்கர், ஓரமாக ஓடுபவன், இடப்பக்கம் வெட்டி உள்ளே போட்டான், யாரோ முழங்காலால் தள்ளினான், வலை உப்பியது. நவம்பருக்குப் பிறகு அவள் கண்ணால் பார்த்த முதல் ஸ்கெல்பி கோல். கத்தாமல் கீழே ஓடினாள்.

"ஒண்ணுக்கு ஒண்ணு. இப்ப நீங்க போங்க."

"வேணாம்மா."

"சோதனைன்னா சோதனை. போங்க."

போனார். ஹாலம்பிரிட்ஜ் இரண்டாவது போட்டது. இறங்கினார். அவள் ஏறினாள். ஸ்கெல்பிக்குப் பெனால்டி. அதுவும் கோல். எழுபத்தெட்டாம் நிமிடம், இரண்டுக்கு இரண்டு. பெரில் அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

லோர்னா ஒரு மீட் பையின் காகித உறையைப் பிரித்து, கடைப் பேனாவால் நாலு கட்டம் போட்டாள். அவர் மேலே, அவள் மேலே, அவர் கீழே, அவள் கீழே. எண்களை எழுதினாள். கைகள் நடுங்கவில்லை. குற்றவாளி என்று மூன்று மாதம் இருந்தவளுக்கு நீதிபதி நாற்காலி கிடைத்தால் கை நடுங்காது.

"உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு," என்றாள். "ஆனா இது நீங்கதான். உங்களால இந்த ஊரே கீழ போகப் போகுது."

அவர் உறையை வாங்கிப் பார்த்தார். "எனக்கே சந்தேகம் உண்டு. பசங்க மரியாதைக்கு முழுசா வாயைத் திறக்க மாட்டாங்க." பிறகு, "ஆபீஸ்ல இன்னும் மூணு வருஷம் இருக்கச் சொல்றாங்கம்மா. இன்னிக்குச் சாயங்காலம் கையெழுத்துப் போடணும். வொய்ஃப் கடலோரத்துல வீடு பார்த்து வச்சிருக்கா. படகு ஓட்டிக்கிட்டு இருக்கலாம்கறா. நீ என்ன சொல்றே?"

"எந்த ஆபீஸா இருந்தாலும் சரி, கையெழுத்துப் போடாதீங்க. இந்த ஊர்ல சனிக்கிழமை நீங்க இருக்கவே கூடாது. அடுத்த சீசனும் கூடாது. இப்பவே கிளம்புங்க. காரை எடுத்துட்டு மோட்டார்வே வரைக்கும் போயிடுங்க."

"இப்பவேயா?"

"பன்னெண்டு நிமிஷம்தான் இருக்கு."

அவர் தொப்பியைக் கழற்றி அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். கண் ஈரமாக இருந்தது. "இதை யாராவது முகத்துக்கு நேரா சொல்ல மாட்டாங்களான்னு இருந்தேன்." உறையை நாலாக மடித்துக் கோட்டுப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்துப் பக்கம் நடந்தார்.

லோர்னா எஃப் வரிசைக்குப் போய்ப் பதினான்கில் உட்கார்ந்தாள்.

"ஐயோ," என்றார் கோலின். "கொலைகாரி. எந்திரி."

"எந்திரிக்க மாட்டேன்."

"நார்மன், உன் பொண்ணை இறக்கு."

நார்மன் மகளைப் பார்த்தார். மைதானத்தைப் பார்த்தார். "விடு கோலின். போறதுன்னா சேர்ந்தே போவோம். என் பொண்ணு என் பக்கத்துல உக்காரட்டும்," என்றார். அதைச் சொல்லும்போதே அவர் கண்களை மூடிக்கொண்டார். அதனால் எண்பத்தொன்பதாம் நிமிடம் ஸ்கெல்பியின் மூன்றாவது கோலை அவர் பார்க்கவில்லை. லோர்னா பார்த்தாள். பந்து கம்பத்தில் பட்டு, கோல்கீப்பர் முதுகில் பட்டு, வேறு வழியில்லாமல் உள்ளே போனதை முழுக்கப் பார்த்தாள்.

டோரீன் ஃபிளாஸ்க்கை விட்டுவிட்டு லோர்னாவுக்கு முத்தம் கொடுத்தாள். கோலின் உட்கார்ந்து இடது சாக்ஸைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, தப்புக் கணக்குதான். அதுக்காக அடுத்த வருஷம் ரொம்ப ஆடாதே," என்றார். அதற்கு மேல் மன்னிப்பை கோலினிடம் யாரும் வாங்கியதில்லை. நார்மன் படிவத்தைத் தொடையில் வைத்து, பதினான்குக்கு எதிரே எழுதினார். மகள் பெயர் எழுத இத்தனை நேரமா என்று தோன்றும்படி ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். இரண்டு வரிசை தள்ளி டெஸ்மண்ட் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மைதானம் முழுக்க பென்ரோஸ், பென்ரோஸ் என்று பாடியது. ஒலிபெருக்கி கரகரத்தது. மேனேஜர் கிரஹாம் பென்ரோஸ் இன்னும் சில நிமிடங்களில் மைதானத்தின் நடுவில், ரசிகர்கள் முன்னிலையில், மூன்று வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவார். நடுவட்டத்தில் ஒரு மேஜையும் நாற்காலியும் பேனாவும் வைத்தார்கள்.

பத்து நிமிடம் ஆயிற்று. நாற்காலி காலியாகவே இருந்தது.

"கூரைல இருந்து இறங்க நேரமாகும்ல," என்றார் நார்மன். "லோர்னா, நாலு டீ வாங்கிட்டு வாம்மா. இனிமே பயமில்லை."

லோர்னா சிரித்துக்கொண்டே படியிறங்கினாள். பெரில் கடைப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரே இடத்தை, திரும்பத் திரும்ப.

"நாலு டீ. அந்தத் தொப்பிக்காரர் போயிட்டாரா?"

"போயிட்டார். கேட்டைத் தாண்டினதும் கையாட்டினார்."

"நல்ல மனுஷன். நம்மளைக் காப்பாத்தினதே அவர்தான்னு சொல்லணும். எந்த ஆபீஸ்ல வேலையாம்?"

பெரில் துணியைப் பிழிந்து வைத்தாள். "விசில் அடிச்சாச்சு, இனி சொல்லலாம் கண்ணு: மூணாவது மாட்ச் பாதியில ஆட்டக்காரப் பசங்க பதினோரு பேரும் ஓட்டுப் போட்டு அவரை என் சிப்ஸ் ரூமுக்கு அனுப்பினதுக்கு அப்புறம்தான் நாம ஜெயிக்கவே ஆரம்பிச்சோம், இப்ப மேல ஆறாயிரம் பேரும் பாடிக்கிட்டு இருக்கிறது அவர் பேரைத்தான்."